எந்த நட்டுக்கு எவ்வளவு அடி? கம்பியில்லா இம்பாக்ட் ரெஞ்ச் வாங்குவோருக்கு

சிங்கப்பூரின் கேலாங் வட்டாரத்துக் கருவிக் கடைகளில் இப்போது முதலில் கண்ணில் படுவது பேட்டரியில் ஓடும் கருவிகள்தான். ட்ரில், கிரைண்டர், வட்ட ரம்பம் எல்லாமே மின்கம்பியை உதறிவிட்டன. அந்த வரிசையில் கார், லாரி வேலை தெரிந்தவர்கள் கையில் எடுத்துப் பார்க்கும் கருவி இம்பாக்ட் ரெஞ்ச். துப்பாக்கி வடிவம், முனையில் சாக்கெட் மாட்டும் சதுர அச்சு. கேட்பவர்களில் ஊர் திரும்பிச் சிறு பட்டறை போட நினைக்கும் வெளிநாட்டு ஊழியர் இருப்பார். தன் காரின் சக்கரத்தைத் தானே கழற்றி பிரேக் பேடு பார்க்க ஆசைப்படும் உள்ளூர்க்காரரும் இருப்பார். இருவரும் பெரும்பாலும் கேட்பது, "அண்ணே, இதுல எது பவர் ஜாஸ்தி?" என்றுதான். நான் வேறு ஒரு கேள்வியைக் கேட்கச் சொல்வேன்: நான் கழற்றப்போகும் நட்டுக்கு எவ்வளவு போதும்?

அதற்கு விடை தேடுமுன் கருவியின் உள்ளே நடப்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். அது தெரிந்தால் பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் எண்கள் நம்மை மிரட்டாது.

மோட்டார் மிக வேகமாகச் சுழல்கிறது. பல்சக்கரங்கள் அந்த வேகத்தைக் குறைத்து ஒரு தண்டுக்குத் தருகின்றன. தண்டின் மேல் 'வி' வடிவப் பள்ளங்கள் வெட்டியிருக்கும். அவற்றில் எஃகுக் குண்டுகள் உருளும். குண்டுகளின் மேல் கனமான எஃகு வளையம் ஒன்று உட்கார்ந்திருக்கும். அதுதான் சுத்தியல். அதற்குப் பின்னால் வலுவான ஸ்பிரிங், முன்னால் பட்டடை. சுத்தியலில் இரண்டு பற்கள், பட்டடையில் இரண்டு காதுகள். சாக்கெட் மாட்டும் சதுர முனை இந்தப் பட்டடையின் நீட்சிதான்.

நட்டு இலகுவாகச் சுற்றும்வரை சுத்தியலும் பட்டடையும் சேர்ந்தே சுற்றும். நட்டு முரண்டு பிடித்ததும் பட்டடை நின்றுவிடும், மோட்டார் நிற்காது. தண்டு சுற்றச் சுற்ற, குண்டுகள் பள்ளத்தில் ஏறிச் சுத்தியலைப் பின்னால் இழுக்கும், ஸ்பிரிங் அமுங்கும். சுத்தியலின் பல், பட்டடையின் காதைத் தாண்டுமளவு பின்வாங்கியதும் தடை விலகிவிடும். அமுங்கிய ஸ்பிரிங் விரிய, சுத்தியல் அரைச் சுற்று சுழன்று வந்து அடுத்த காதில் மோதும். மறுபடி பின்வாங்கும், மறுபடி மோதும். நிமிடத்துக்கு இரண்டாயிரம், மூவாயிரம் முறை இது நடக்கிறது. டயர்க் கடையில் நாம் கேட்கும் 'டகடக' ஓசை இதுதான்.

கட்டைவிரலால் எவ்வளவு அழுத்தினாலும் பலகையில் இறங்காத ஆணி, சுத்தியலின் ஒரே தட்டில் இறங்குகிறதே, அதே கணக்குதான் இங்கேயும். அரைச் சுற்றில் சேர்ந்த சுழல் வேகம் கண்ணிமைக்கும் நேரத்தில் ஒரு பங்குக்குள் நட்டின் மேல் இறங்கிவிடுகிறது. நேரம் குறையக் குறைய விசை ஏறுகிறது. பிடித்திருக்கும் கைக்கோ மோட்டார் தண்டைச் சுற்றும் மிதமான திருகல் மட்டுமே தெரிகிறது. நீளமான வீல் ஸ்பேனரில் ஏறி நின்று மிதித்தும் அசையாத நட்டை, ஒரு கையால் பிடித்த கருவி கழற்றிவிடுவது இதனால்தான்.

கட்டுமான வேலை செய்பவர்களுக்கு இங்கே ஒரு குழப்பம் வரலாம். கான்கிரீட்டில் துளைபோடும் ஹேமர் ட்ரில் முன்னும் பின்னுமாக, துளையின் திசையில் இடிக்கிறது. இம்பாக்ட் ரெஞ்ச் சுழலும் திசையில் மட்டுமே அடிக்கிறது. ஸ்க்ரூ முடுக்கும் இம்பாக்ட் டிரைவர் இதன் தம்பி. உள்ளே ஏறக்குறைய அதே அமைப்பு. முனையில் சதுர அச்சுக்குப் பதில் கால் இன்ச் அறுகோணத் துளை இருக்கும். அந்தத் துளையில் ஓர் அடாப்டரைச் செருகி அரை இன்ச் சாக்கெட் மாட்டி வீல் நட்டைக் கழற்றப் பார்ப்பவர்கள் உண்டு. கால் இன்ச் கம்பி அந்த முறுக்கைத் தாங்காமல் முறியும். இருக்கும் கருவியை வைத்துச் சமாளிக்கலாம் என்று நினைப்பவர்கள் முதலில் கைவிட வேண்டியது இதைத்தான்.

இந்தக் கருவிக்கு வயது தொண்ணூறு இருக்கும். அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்து இவான்ஸ்வில் ஊரைச் சேர்ந்த ராபர்ட் பாட் என்பவர் 1930-களில் கண்டுபிடித்தார். பட்டறைகளில் நிலைத்தது காற்றில் ஓடும் வகை. நம்மூர் டயர்க் கடைகளில் 'ஏர் கன்' என்று சொல்வது அதைத்தான். பேட்டரிக் கருவிகளின் கதை 1961-இல் பிளாக் அண்ட் டெக்கர் நிறுவனத்தின் கம்பியில்லா ட்ரில்லோடு தொடங்குகிறது. அதே நிறுவனம் நாசாவின் ஜெமினி விண்வெளித் திட்டத்துக்காக ஒரு கம்பியில்லா முடுக்கியை வடிவமைத்தது. எடையில்லாத வெளியில் போல்ட்டைத் திருகினால் எதிர்விசையில் திருகுபவரே சுழன்றுவிடுவார். போல்ட் சுழல வேண்டும், வீரர் சுழலக் கூடாது என்பதே அங்கே கேட்கப்பட்டது. தரையில் நம் மணிக்கட்டைக் காப்பாற்றுவதும் அதே பிரச்சினைக்குக் கண்ட விடைதான். நிக்கல் காட்மியம் பேட்டரிகளின் காலத்தில் கம்பியில்லாக் கருவிகள் காற்றுக் கருவிகளுக்கு ஈடாகவில்லை. 2005 வாக்கில் லித்தியம் அயன் பேட்டரிகள் கருவிகளுக்குள் வந்தன, பின்னர் கார்பன் பிரஷ் இல்லாத மோட்டார்கள் வந்தன. அதன்பின் நிலைமை தலைகீழாக மாறிவிட்டது.

சிங்கப்பூரில் இந்த மாற்றத்துக்குத் தனிப் பொருள் உண்டு. காற்றுக் கருவிக்குக் கம்ப்ரஸர் வேண்டும். ஏழாம் மாடி வீட்டில் அதை எங்கே வைப்பது? கார் நிற்கும் இடத்தில் மின்பிளக்கும் கிடையாது. பேட்டரிக் கருவியோ ஒரு பைக்குள் அடங்கிவிடும். ஆனால் ஒன்றை இங்கேயே சொல்லிவிட வேண்டும். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) கார் நிறுத்துமிடம் பட்டறை ஆகக் கூடாது. வண்டியை அங்கிருந்து நகர்த்துவதற்கான அவசர வேலை வேறு, சஸ்பென்ஷனைக் கழற்றிப் போட்டு உட்காருவது வேறு. சத்தமும் லேசானதல்ல, கீழ்த்தளத்தில் அடித்தால் அடுக்கு முழுவதும் கேட்கும். சொந்த வாசல் உள்ள தரைவீட்டுக்காரர்களுக்கும், ஜொகூரிலோ தமிழ்நாட்டிலோ வீட்டு முற்றம் உள்ளவர்களுக்கும்தான் இந்தக் கருவி முழுப் பயன் தரும்.

இனி எண்களுக்கு வருவோம். முறுக்குவிசையை நியூட்டன் மீட்டரில் அளக்கிறார்கள். ஒரு மீட்டர் நீள ஸ்பேனரின் நுனியில் ஏறக்குறைய 10 கிலோ எடையைத் தொங்கவிட்டால் 100 நியூட்டன் மீட்டர் கிடைக்கும். டொயோட்டாவின் சிறிய, நடுத்தரக் கார்கள் பலவற்றுக்கு வீல் நட்டின் அளவு 103. ஹோண்டாவுக்கு 108. ஐரோப்பியக் கார்கள் பெரும்பாலும் 120 முதல் 140 வரை கேட்கும். டெஸ்லா மாடல் 3-க்கு 175. உங்கள் வண்டிக்கு உரிய எண் அதன் கையேட்டில் இருக்கும். அதை ஒரு சீட்டில் எழுதிக் கருவிப் பெட்டிக்குள் ஒட்டிவையுங்கள். இவற்றைத் தாண்டிக் கடினமானவை என்றால், முன்சக்கரத்தை ஓட்டும் அச்சின் நட்டு 200, 300 வரை போகலாம். ஹோண்டாவின் கிராங்க் புல்லி போல்ட் முரண்டுக்குப் பேர்போனது.

இந்த எண்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கடை அலமாரியைப் பாருங்கள். உதாரணத்துக்கு மகீட்டாவின் 18 வோல்ட் வரிசையில் டிடிடபிள்யூ 300 என்னும் நடுத்தர ரெஞ்ச் 330 நியூட்டன் மீட்டர் வரை முடுக்கும் என்கிறது நிறுவனம், கழற்றும்போது 580. பெரியண்ணனான டிடிடபிள்யூ 1002 முடுக்க 1,000, கழற்ற 1,600. கனமும் ஏறக்குறைய இரண்டு மடங்கு, விலையும் அதற்கேற்ப. போஷ், டிவால்ட், மில்வாக்கி நிறுவனங்களிலும் இதே இரண்டு படிகள் உண்டு. முடுக்கும் எண்ணும் கழற்றும் எண்ணும் வேறுவேறு. விளம்பரத்தில் பெரிதாகத் தெரிவது பெரும்பாலும் கழற்றும் எண். ஒரு நிறுவனத்தின் எண்ணை மற்றொன்றின் எண்ணோடு நேரடியாக ஒப்பிடவும் முடியாது, ஏனென்றால் அளக்கும் முறை ஒன்றல்ல. நீட்டிப்புக் கம்பி மாட்டினால் அடியில் ஒரு பகுதி கம்பியின் வளைவிலும் முறுக்கிலும் கரைந்துபோகும். பாதி சார்ஜில் உள்ள பேட்டரியும் கொஞ்சம் குறைக்கும். ஆகவே தேவையைப் போல் இரண்டு, மூன்று மடங்கு இருந்தால் நிம்மதி. பத்து மடங்கு வேண்டியதில்லை.

வெளிநாட்டுக் காணொளிகளில் 1,000-க்கும் மேல் உள்ள கருவிகளைப் புகழ்வதைப் பார்த்திருப்பீர்கள். பனி பொழியும் நாடுகளில் சாலையில் உப்புத் தூவுகிறார்கள். அங்கே பத்து வருட காரின் அடிப்பாகம் துருப்பிடித்து ஒட்டிக்கிடக்கும். சிங்கப்பூரில் அந்த உப்பு இல்லை. வாகன உரிமைச் சான்றிதழ் முறை 1990-இல் வந்ததிலிருந்து கார்களின் ஆயுளைப் பத்தாண்டுக் கணக்கே தீர்மானிக்கிறது, நம் நட்டுகளும் இளமையானவைதான். இங்கே நட்டு கழலவில்லை என்றால் துருவைவிட, முன்பு யாரோ ஏர் கன்னால் கண்மூடித்தனமாக முடுக்கியதே காரணமாக இருக்கும். அதற்கு அரை இன்ச் சதுர முனையும் 300 நியூட்டன் மீட்டர் அளவில் முடுக்கும் திறனும் கொண்ட நடுத்தர ரெஞ்ச் போதும் என்பது என் உறுதியான கருத்து. பிரேக் கேலிப்பர், சஸ்பென்ஷன் லிங்க் போன்ற இடுக்கு வேலைதான் அதிகம் என்றால் 3/8 இன்ச் முனையுள்ள சிறியது இன்னும் பொருத்தம். ஊரில் லாரி, டிராக்டர், பஸ் வேலை எடுக்கப்போகிறவருக்கு மட்டும் இது பொருந்தாது. அவருக்கு முக்கால் இன்ச் முனையும் பெரிய கருவியும் தேவை.

கருவியைவிடப் பேட்டரியைப் பற்றி அதிகம் யோசிக்கச் சொல்வேன். ஒரு நிறுவனத்தின் பேட்டரி இன்னொன்றின் கருவியில் பொருந்தாது. வீட்டில் ஏற்கெனவே ஒரு நிறுவனத்தின் 18 வோல்ட் ட்ரில் இருந்தால், அதே குடும்பத்தில் 'பாடி மட்டும்' வாங்குவது பெரிய மிச்சம். 18 வோல்ட் பேட்டரிக்குள் 3.6 வோல்ட் செல்கள் ஐந்து வரிசையாக இருக்கும். '20 வோல்ட் மேக்ஸ்' என்று எழுதியிருப்பதும் அதே ஐந்து செல்கள்தான். முழு சார்ஜில் ஏறி நிற்கும் அளவைப் பெயராக்கியிருக்கிறார்கள். இதில் ஏமாற்று இல்லை. ஆனால் மலிவான பெயர் தெரியாக் கருவிகளில் '88 விஎஃப்', '388 விஎஃப்' என்று எழுதியிருப்பதைப் பார்த்தால் அடுத்த அலமாரிக்குப் போய்விடுங்கள். அது வோல்ட் அளவே அல்ல. உள்ளே இருப்பது பெரும்பாலும் அதே ஐந்து செல் பேட்டரி. பிரபலப் பெயர்களின் போலிப் பேட்டரிகளும் சந்தையில் உண்டு. கையில் தூக்கிப் பார்த்தால் பாதி தெரிந்துவிடும். 5 ஆம்பியர் மணி அசல் பேட்டரியில் பொதுவாகப் பத்து செல்கள் இருக்கும், 600 கிராமுக்கு மேல் கனக்கும். அதே எண் எழுதிய பேட்டரி பாதி கனமே இருந்தால் உள்ளே செல்களும் பாதிதான்.

இது பண விஷயத்தோடு நின்றால் பரவாயில்லை. பாதுகாப்புச் சுற்று இல்லாத லித்தியம் பேட்டரி தீப்பிடித்தால் அணைப்பது கடினம், புகை நஞ்சு. ஒரே அறையில் பலர் தங்கும் இடங்களில் இதை மறக்கவே கூடாது. அசல் சார்ஜரிலேயே போடுங்கள், படுக்கையின் மேலோ வாசல் வழியிலோ வைத்துப் போடாதீர்கள், எல்லோரும் தூங்கும் நேரத்தில் சார்ஜில் விடாதீர்கள். வெயிலில் நிறுத்திய காரின் பின்பெட்டியில் பேட்டரியை நாள்கணக்கில் வைப்பதும் நல்லதல்ல. ஆகவே மலேசியாவின் வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் டயர் வெடித்தால் கைகொடுக்க ஒரு நீளமான வீல் ஸ்பேனர் காரில் இருக்கட்டும்.

ஊருக்குக் கொண்டுபோகிறவர்களுக்கு ஒரு கணக்கு. வோல்ட்டை ஆம்பியர் மணியால் பெருக்கினால் வாட் மணி. 18 வோல்ட், 5 ஆம்பியர் மணி என்றால் 90. விமானத்தில் 100 வாட் மணி வரை பொதுவாக அனுமதி உண்டு. 100-க்கு மேல் 160 வரை விமான நிறுவனத்தின் ஒப்புதல் வேண்டும். 6 ஆம்பியர் மணி பேட்டரி 108 ஆகிவிடும், எனவே பயணம் செய்யப்போகிறவர் 5-ஐத் தேர்ந்தெடுப்பது புத்திசாலித்தனம். பேட்டரியைக் கழற்றி, முனைகளை மூடிக் கைப்பையில் வைக்க வேண்டும். கருவி பெரிய பெட்டியில் போகலாம். சிங்கப்பூரிலும் இந்தியாவிலும் மின்சாரம் 230 வோல்ட் என்பதால் சார்ஜர் ஊரிலும் ஓடும், பிளக் மட்டும்தான் பொருந்தாது. உத்தரவாதம் இந்தியாவில் செல்லுமா என்று பணம் கொடுக்குமுன் கேளுங்கள்.

சாக்கெட் விஷயத்தில் சிக்கனம் பார்க்காதீர்கள். பளபளக்கும் குரோம் பூசிய கை சாக்கெட்டுகள் கடினமானவை, ஆனால் மோதலில் வெடித்துச் சிதறக்கூடியவை. சிதறிய துண்டு கண்ணைப் பறித்துவிடும். இம்பாக்ட் சாக்கெட்டுகள் கறுப்பாக, தடித்த சுவரோடு இருக்கும். குரோம் மாலிப்டினம் எஃகால் செய்தவை, அடியை வாங்கிக்கொள்ளும். 17, 19, 21 மில்லிமீட்டர் ஆகிய மூன்றும் இருந்தால் இங்கு ஓடும் கார்களில் பெரும்பாலானவற்றின் சக்கரத்தைக் கழற்றலாம். அலாய் வீல் என்றால் பிளாஸ்டிக் உறை போட்ட மெல்லிய இம்பாக்ட் சாக்கெட் கேளுங்கள். கண்ணாடியும் காதடைப்பானும் அணியாமல் விசையை அழுத்த வேண்டாம். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகாதீர்கள். தாங்கு ஸ்டாண்டு வைத்த பிறகே எதையும் அடியுங்கள், அந்த அதிர்வில் ஜாக்கி நழுவக்கூடும்.

கடைசியாக, எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது. இம்பாக்ட் ரெஞ்ச் கழற்றுவதற்கான கருவி. முடுக்குவதற்கு அதை நம்பக் கூடாது.

வீல் நட்டை முடுக்கும்போது உண்மையில் அது ஏறும் மறைக்கம்பியான ஸ்டட் ஒரு நூலிழை அளவுக்கு நீள்கிறது. அந்த நீட்சி சுருங்கப் பார்க்கும் இழுப்புதான் சக்கரத்தை ஹப்போடு சேர்த்துப் பிடிக்கிறது. 12 மில்லிமீட்டர் ஸ்டட்டில் 103 நியூட்டன் மீட்டர் முடுக்கினால், உலர்ந்த மறையில், ஏறக்குறைய நான்கு டன் இழுப்பு உண்டாகும். நாம் கொடுக்கும் முறுக்கில் பத்தில் ஒரு பங்குதான் அந்த இழுப்பாக மாறுகிறது; மற்றதெல்லாம் மறையிலும் நட்டின் அடிமுகத்திலும் உராய்வாகப் போய்விடும். அதனால்தான் மறையில் எண்ணெய் விட்டு முடுக்குவது ஆபத்து. உராய்வு குறைந்ததும் அதே முறுக்கு ஸ்டட்டை அளவுக்கு மீறி இழுத்துவிடும். அடித்து முடுக்கும் கருவிக்கு இந்த நுணுக்கம் தெரியாது. விசையை அரை நொடி கூட அழுத்தினால் எங்கே போய் நின்றது என்று யாராலும் சொல்ல முடியாது. அதிகமானால் ஸ்டட் தளர்ந்து முறியும், பிரேக் டிஸ்க் கோணும். குறைந்தால் சக்கரம் கழலும். ஆயில் வடிக்கும் போல்ட்டுக்கும் ஸ்பார்க் பிளக்குக்கும் இந்தக் கருவியை முடுக்கக் கொண்டுபோகவே வேண்டாம். அங்கே அலுமினிய மறை ஒரு நொடியில் போய்விடும்.

நட்டை முதலில் கையால் நான்கைந்து சுற்று ஏற்றுங்கள், மறை கோணி ஏறுகிறதா என்று விரலுக்குத்தான் தெரியும். பிறகு ரெஞ்சின் மிகக் குறைந்த வேகத்தில், 'டகடக' தொடங்கியதும் விட்டுவிடுங்கள். எதிரெதிர் நட்டுகளாக மாற்றி மாற்றிப் போங்கள். வண்டியைத் தரையில் இறக்கியபின், முறுக்கை அளந்து முடுக்கும் டார்க் ரெஞ்சைக் கையேட்டின் எண்ணில் வைத்து, 'டக்' என்று ஒருமுறை சொல்லும்வரை முடுக்குங்கள். 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியபின் ஒருமுறை சரிபாருங்கள். சக்கரமும் ஹப்பும் படிந்து உட்கார்ந்ததில் சில நட்டுகள் லேசாகத் தளர்ந்திருக்கும்.

டார்க் ரெஞ்ச் வாங்கக் கையில் காசு மிஞ்சாது என்றால் இம்பாக்ட் ரெஞ்சைத் தள்ளிப்போடுங்கள், முதலில் டார்க் ரெஞ்சை வாங்குங்கள். நீளமான ஸ்பேனரால் கழற்றி டார்க் ரெஞ்சால் முடுக்கிய சக்கரத்தில் உங்கள் குடும்பத்தை நம்பி ஏற்றலாம்.